ஓம் அல்லது இல்லை

விரிவுரையாளரின் விரல் விவசாயிகளின் பட்டியலில் மேலிருந்து இறங்கி வந்து, கடைசிப் பெயரில் நின்றது.

“ராக்காயி,” என்று வாசித்தார். “இந்த நம்பருக்கு அடியுங்கோ பாப்பம்.”

பின்வரிசையில் யாரோ அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். மற்றப் பத்தொன்பது பேரும் இருக்க, மனிதரின் விரல் போய் விழுந்தது சுரேகாவுடைய அம்மாவின் பெயர் மேல்.

வவுனியாவில், கணினியும் வணிகமும் சேர்ந்த பட்டப்படிப்பில் மூன்றாம் வருடம். கணினி மட்டும் படிப்பவர்கள் இவர்களைக் கடைக்காரர் என்பார்கள். வணிகம் மட்டும் படிப்பவர்கள் இவர்களை வயர் பொறுக்கிகள் என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த இடியையாவது பங்குபோட நாற்பது பேர் இருந்தார்கள். சுரேகாவுக்கென்று தனியாக ஒன்று இருந்தது, அதைப் பங்குபோட ஆளில்லை.

வந்த முதல் நாளே, “உங்கட ஆக்கள் எந்தப் பக்கம்?” என்று வகுப்புத் தோழி பிரஷாந்தினி கேட்டிருந்தாள்.

ஸ்கந்தபுரம் என்றாள் சுரேகா. அதுக்கு முதல் எங்கே என்றாள் அவள். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி என்று வாயில் பொய் வந்துவிட்டது.

தாத்தா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மாத்தளைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து உடுத்த துணியோடு ஓடி வந்தவர். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் கதையோடு போயிருக்கும். ஒரு பொய்யைக் காக்க மூன்று வருடம் காவல் இருக்க வேண்டியதாயிற்று.

விடுதிக் குளியலறையில் வாளிக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று, வீட்டில் சொல்லும் ஆமாவை விட்டு, யாழ்ப்பாணத்தார்போல ஓம், வாறன், போறன் என்று சொல்லிப் பழகினாள். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய்த்தான் பேசுவாள். அறையில் மூன்று பேர் இருந்தும் ஒருவரோடும் வாய்விட்டுப் பேசியதில்லை.

புரொஜெக்ட்டில் இவள், பிரஷாந்தினி, பிரதாபன் என்று மூன்று பேர். அவர்கள் செய்த மென்பொருள் விவசாயிக்குத் தானாகத் தொலைபேசி அடிக்கும். விற்க மரக்கறி இருக்கிறதா என்று கேட்கும். ஓம் என்றால் பதிந்துகொள்ளும். எழுத வாசிக்கத் தெரியாதவரும் விற்கலாம். நிரலைப் பிரதாபன் எழுதினான். கேள்வி கேட்கும் குரல் சுரேகாவுடையது. நல்ல யாழ்ப்பாணக் குரல் இவளுக்குத்தான் இருக்கிறதென்று பிரஷாந்தினியே தேர்ந்தெடுத்தாள்.

கணினிக்குப் பழக்குவதற்காக வகுப்பில் எல்லோருடைய ‘ஓம்’மையும் பிரதாபன் பதிவு செய்தான். ‘ஆமா’ என்று ஒருவரும் சொல்லவில்லை. வன்னியில் அப்படிச் சொல்கிற வீடுகளும் இருக்கின்றன, அதையும் போடு என்று சொல்ல சுரேகாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? விழுங்கிவிட்டாள்.

சோதனைக்கு இருபது விவசாயிகளின் நம்பர் சேர்த்ததும் அவள்தான். பத்தொன்பதும் ஓம் சொல்லும் வீடுகளாகப் பார்த்து எடுத்தாள். இருபதாவது கிடைக்காமல், கடைசி நாள் அவசரத்தில் அம்மாவிடம் கேட்காமலே அவருடைய நம்பரை எழுதினாள். பெயரை மாற்றி எழுதக்கூடத் தோன்றவில்லை.

இப்போது கைபேசியை மேசையில் வைத்து, அந்த நம்பருக்கு அடித்து ஒலியைக் கூட்டினான் பிரதாபன். மறுமுனையில் எடுத்தார்கள்.

“வணக்கம். விற்பதற்கு உங்களிடம் கத்தரிக்காய் இருக்குதா? ஓம் அல்லது இல்லை என்று சொல்லுங்கோ,” என்றது சுரேகாவின் குரல்.

“ஆமாங்க, இருக்குங்க,” என்றார் அம்மா.

“மன்னிக்கவும், விளங்கவில்லை. ஓம் அல்லது இல்லை என்று சொல்லுங்கோ.”

“ஆமாங்க.” இந்த முறை சத்தமாகச் சொன்னார். தோட்டத்தில் நிற்கிறார் போலும், பின்னால் தண்ணீர்ப் பம்ப் இரைந்தது.

“மன்னிக்கவும், விளங்கவில்லை.”

பிறகு தணிந்த குரலில் அம்மா கேட்டார்.

“பாப்பா?”

வகுப்பே சிரித்தது. “மெசினைப் போய்ப் பாப்பா எண்டுறா,” என்று பிரஷாந்தினி கண்ணைத் துடைத்தாள். சுரேகாவும் சிரித்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

விரிவுரையாளர் கையைக் காட்டிப் பதிவுக் குரலை நிறுத்தச் சொன்னார். சம்மதம் கேட்காமல் எடுத்த நம்பர் ஒன்று அகப்பட்டாலும் முழு வேலையையும் தள்ளிவிடுகிறவர் அவர்.

“சுரேகா, நம்பர் எடுத்தது நீர்தானே. இந்த அம்மாவை உமக்குத் தெரியுமோ?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“தெரியாது சேர். ஊருக்குள்ள ஆரோ ஒரு ஆள்.”

சொல்லி முடித்த பிறகுதான் மேசையைப் பார்த்தாள். குரலைத்தான் நிறுத்தியிருந்தார்கள், அழைப்பையல்ல. பம்ப் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

விரிவுரையாளர் கைபேசிப் பக்கம் குனிந்தார். “அம்மா, குறை நினைக்காதேங்கோ. இது கம்பஸ் பிள்ளையளின்ர படிப்பு வேலை. சுரேகா எண்ட பிள்ளை உங்களிட்டக் கேட்டுத்தான் நம்பர் எடுத்தவாவோ? அவாவைத் தெரியுமோ உங்களுக்கு?”

பம்பின் இரைச்சல் நின்றது. அம்மா போய் நிறுத்தியிருக்க வேண்டும்.

“அந்தப் பிள்ளைய எனக்குத் தெரியாதுங்க ஐயா,” என்றார். “ஆனா வந்து, கேட்டுத்தான் வாங்கிட்டுப் போச்சு. நல்ல பிள்ளைதாங்க.”

விரிவுரையாளர் தலையசைத்து, சம்மதம் என்ற கட்டத்தில் சரி போட்டார்.