ஒட்டகம் ஏறிய தாணு

"ஒட்டகத்துல ஏறிப் போனேங்கியே, எந்திரிக்கும்போது அது முதல்ல எந்தக் காலை ஊனுச்சு? சொல்லுலே பாப்போம்!"

முகம்மது மீரான் கேட்டதும் தாணு கம்பளி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினான்.

செங்கோட்டை மலையாளச் சீமையை விட்டு நம்மோடு சேர்ந்த மறுவருஷத்துக் குற்றாலச் சாரல் அது. ஐந்தருவிக்குப் போகிற வழியில் மீரானுக்குத் துண்டுக்கடை. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டம் அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஓரமாக ஓர் இடம் கிடைத்தால் கம்பளி நாலு நாளில் கரைந்துவிடும். கிடைக்காவிட்டால், உழவு மாட்டை விற்றுப் பிடித்த சரக்கு அவன் ஊர் ராயகிரியில் பூச்சி அரித்துக் கிடக்கும்.

மீரான் ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார். ராஜஸ்தான் கம்பளி என்று கூவி விற்பதானால், அது அங்கே நெய்கிறவன் கையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். மதுரையில் வாங்கிப் பெயர் மாற்றி விற்க அவர் வாசல் கிடையாது.

"நானே பாலைவனத்துக் கிராமத்துக்குப் போய் வாங்கியாந்தது அண்ணாச்சி. ரயிலை விட்டு இறங்கினா ஒட்டகத்துலதான் போவணும்" என்று தாணு அடித்துச் சொன்னான். அதனால்தான் இந்த விசாரணை.

விசாரிக்க மீரானைவிடத் தகுந்த ஆள் தென்காசி வட்டாரத்தில் இல்லை. யுத்தத்துக்கு முன்னால் அரபுக்கரை ஏடனில் வியாபாரம் பார்த்தவர் என்று ஊரே சொல்லும். அவருடைய ஒட்டகச் சவாரிக் கதையைக் கேட்காத மனுஷர் இங்கே கிடையாது. குற்றாலத்துக் குரங்குகளுக்குக்கூட அது மனப்பாடம் என்பார்கள்.

"முன்னங்கால்தான் அண்ணாச்சி! அப்படியே மல்லாக்கச் சாஞ்சிட்டேன். ஒட்டகக்காரன் முதுகுல கை குடுத்துத் தாங்கினான்."

"ம்... ஏறுததுக்கு முன்னால?"

"தலையை மோந்து பாத்துச்சு. நம்ம தலைதான் நல்லெண்ணெய்த் தலையாச்சே! ஏத்தவே மாட்டேன்னுட்டு. மண்ணை அள்ளித் தலையில தேச்ச பொறவுதான் ஏறவிட்டுது."

பக்கத்துப் பாறையில் ஒருவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இசக்கிப்பாண்டி, அந்த ஆளின் முதுகிலேயே ஓங்கித் தட்டிச் சிரித்தான்.

"அண்ணாச்சிக்கு நடந்த அதே கூத்து! மேல கேளுங்க அண்ணாச்சி."

"ஊருக்குள்ள போனதும் ஒனக்கு என்ன மரியாத செஞ்சாங்க?"

"ஒட்டகப்பால்ல காலைக் கழுவிவிட்டாங்க. அங்கதான் தண்ணியே கெடையாதே!"

"அண்ணாச்சி காலுக்கும் அதே பால்தான்!" என்றான் இசக்கிப்பாண்டி. "எடத்தக் குடுத்துருங்க. இதுக்கு மேல ஒட்டகத்தத்தான் சாட்சிக்குக் கூட்டியாரணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாணு மூட்டையின் முடிச்சை அவிழ்க்கவே தொடங்கிவிட்டான்.

மீரான் ஒரு கம்பளியை உருவி, புரட்டிப் பார்த்து, மடித்து வைத்தார்.

"எடம் இல்லலே தாணு. வேற எங்கனயாவது பாரு."

தாணுவின் கை முடிச்சிலேயே நின்றது. "ஏன் அண்ணாச்சி? ஒரு பதிலாவது தப்பாச் சொன்னனா?"

"ஒண்ணுகூடத் தப்பில்ல."

"பெறகு?"

"மூட்டை நனையுது. எடுத்துக் கட்டு."

சாயங்காலம் மீரான் தென்காசிக்கு வீடு திரும்பும் முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. செருப்பைக் கழற்றுமுன் மனைவி ராபியா பிடித்துக்கொண்டாள்.

"அந்த ராயகிரிப் பயலை ஏங்க வெரட்டுனிய? மாட்டை வித்துச் சரக்கு எடுத்திருக்கான். நீங்க சொல்லுத கதை கணக்கா ஒரு எழுத்து பெசகாமச் சொன்னானாமே!"

"அதுக்குத்தாம்ட்டி வெரட்டுனேன். ஒண்ணையாவது மாத்திச் சொல்லியிருந்தாம்னா எடத்தக் குடுத்திருப்பேன்."

மீரான் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"கொழும்பைத் தாண்டி நான் எங்கட்டி போனேன்? அங்க கருவாட்டுக் கடையில உக்காந்து நான் கட்டிவிட்ட ஒட்டகம், அவனை எப்படி ராஜஸ்தானுக்கு ஏத்திக்கிட்டுப் போவும்?"