குருட்டுப் பக்கம்

"ஓடிஸ் இல்லேன்னா நான் இறங்க மாட்டேன், கோச்."

லீலண்டுக்குச் சுர்ரென்று ஏறியது. கோல்பி அவர் பெற்ற மகன்தான். ஆனால் உடை மாற்றும் அறைக்குள் அவர் கோச், வீட்டில்தான் அப்பா. அது அவர் போட்ட சட்டம். வெளியே அமெரிக்கக் கால்பந்தாட்டம் பார்க்க ஊரே திரண்டு உட்கார்ந்திருக்கிறது. கோல்பி பந்து எறிவதைப் பார்க்கவென்றே பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். அவர் தலையசைத்தால் இலவசப் படிப்பு. இந்த நேரத்தில் இவனுக்கு என்ன கிறுக்கு?

ஓடிஸ் புதன்கிழமை பயிற்சிக்கு வரவில்லை. வண்டி கிளம்பவில்லையாம். பயிற்சிக்கு வராதவன் வெள்ளிக்கிழமை ஆடக்கூடாது. அதுவும் அவர் சட்டம்தான்.

"ஓடிஸுக்குப் பதிலா டானர் நிக்கட்டும், காளை மாதிரி இருக்கான். உன் குருட்டுப் பக்கத்த அவன் பாத்துப்பான்."

பந்தை எறிய வலக்கையை ஓங்குகிறவனுக்கு இடப்பக்கம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அந்தப் பக்கமாகத்தான் எதிரணிக்காரன் பாய்ந்து வந்து சாய்ப்பான். அதைக் காத்து நிற்பது ஓடிஸின் வேலை. மைதானத்தில் மட்டுமா? சாப்பாட்டு மேசையிலும் பேருந்திலும்கூட அவன் கோல்பியின் இடப்பக்கம்தான் உட்காருவான். புதுப்பெண்டாட்டி தோற்றாள் என்று மற்ற பையன்கள் கேலி செய்வார்கள்.

"டானர் பழக்கமில்ல, கோச்."

"குருட்டுப் பக்கம்கிறது எறியுற எல்லாருக்கும் இருக்கறதுதான்டா. சும்மா ஒரு பேரு. வந்திருக்கறவரப் பாத்துப் பயந்துட்டியா?"

கோல்பி தலைகுனிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எதிர்மூலையில் ஓடிஸ் எதையோ சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டான்.

லீலண்டுக்குப் பொறுக்கவில்லை. மகனின் இடப்பக்கம் நின்றபடியே கையிலிருந்த பந்தை அவனிடம் எறிந்தார். மெதுவாகத்தான் எறிந்தார். ஊரிலேயே கெட்டிக்காரக் கை அது, தூக்கத்தில்கூடப் பிடிக்கும்.

"கோச், வேணாம்" என்று ஓடிஸ் கத்தியபோது பந்து கோல்பியின் கன்னத்தில் மோதி உருண்டுகொண்டிருந்தது. கோல்பி கையைத் தூக்கவில்லை. இமைக்கக்கூட இல்லை.

"கோல்பி?" என்றார் லீலண்ட்.

கோல்பி கன்னத்தைத் தடவிக்கொண்டு, முகத்தை முழுதாகத் திருப்பி அவரைத் தேடினான்.

"போன வருஷம் அடிபட்டு விழுந்தப்போ, ஒண்ணுமில்ல, எழுந்து ஆடுன்னீங்களே... அன்னிலேருந்து இந்தக் கண்ணு தெரியலப்பா."