மொட்டை மாடியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு சண்டை

“இருபத்துநாலு ஜிபி எப்டிங்க போதும்? பெரிய கேம் ஒண்ணு போட்டா திக்கித் திணறிடும். வாங்குனா 5090 தாங்க வாங்கணும்” என்றாள் தேவி.

மலைமேல் இருக்கும் காவலூரில், பெண் வீட்டு மொட்டை மாடியில் நல்ல குளிர்காற்று. ஆனாலும் வெற்றிவேலின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், ரெண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் அனுப்பி வைத்திருந்தார்கள். ஊர் உலகத்தில் இப்படி அனுப்பினால் படிப்பைப் பற்றியாவது சமையலைப் பற்றியாவது பேசுவார்கள். இங்கே கம்ப்யூட்டருக்குள் செருகுகிற கிராபிக்ஸ் கார்டில் 4090 உசத்தியா, 5090 உசத்தியா என்று சண்டை.

“4090 ஒண்ணும் மட்டம் இல்லீங்க. கரண்டு கம்மியா இழுக்கும். நீங்க சொல்றத மாட்டுனா இந்த மலைக்கே ஃபியூஸ் போய்டும்” என்றான்.

சந்தவாசலில் நெல் அறுக்கும் மிஷினை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன் அவன். வந்த வரன் எல்லாம் தட்டிப் போயிருந்தது. இதில் காபித் தட்டோடு வந்தபோது தேவி சிரித்த சிரிப்பில் ஆள் அப்போதே காலி. இவள் வேண்டாம் என்றுவிட்டால் அவனால் தாங்க முடியாது.

தரகர் ராஜாக்கண்ணு முன்கூட்டியே வழி சொல்லியிருந்தார். பெண்ணுக்குக் கிராபிக்ஸ் கார்டு என்றால் உயிராம். அதைப் பேசத் தெரியாதவனை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாளாம். 4090 பக்கம் நின்று கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் பேசினால் காரியம் பழமாம். பாவம், வெற்றிவேலும் யூடியூபைப் பார்த்துப் பார்த்து உருப்போட்டு வந்திருந்தான்.

அவன் விலையைச் சொன்னான். அவள் வேகத்தைச் சொன்னாள். அவன் குரல் உயர்ந்தது, அவள் குரல் அதற்கு மேல் உயர்ந்தது. கீழே பேச்சுச் சத்தமே நின்றுபோயிற்று. ஒரு கட்டத்தில் தேவியின் கண்ணில் தண்ணீர் கோத்துவிட, வெற்றிவேலுக்கு மனசு கேட்கவில்லை.

“விடுங்க, ஒங்க கார்டே நல்லதா இருந்துட்டுப் போவட்டும். எனக்கு இன்னா தெரியும்? எங்க வூட்ல கம்ப்யூட்டரே கெடயாது. ஒங்களுக்கு அதுதான் உசுருன்னு தரகர் சொன்னாரேன்னு படிச்சுட்டு வந்தேன்.”

தேவி மலங்க மலங்க விழித்தாள்.

“எனக்கா? ஒங்களுக்குத்தான் உசுருன்னு என்கிட்ட சொன்னாரு. 5090ன்னு அடிச்சுப் பேசுனாத்தான் மாப்ளக்குப் புடிக்கும்னாரு. எங்க வூட்லயும் கம்ப்யூட்டர் இல்லீங்க.”

ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், தன்னைப் பிடித்திருக்கிறதா என்று வெற்றிவேல் தயங்கித் தயங்கிக் கேட்டான். இனிமேல் ஆயுசுக்கும் கார்டைப் பற்றி வாய் திறக்காவிட்டால் பிடித்திருக்கிறது என்றாள். அவன் வானத்தில் பறந்தான்.

இறங்கி வந்தால், கீழே ரெண்டு அப்பாக்களும் வெற்றிலை பாக்கு மாற்றி முடித்திருந்தார்கள். மாடியில் சத்தம் முற்றியதும் எல்லோரும் நடுங்கிப் போக, ராஜாக்கண்ணுதான் சமாதானம் செய்தாராம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஆசை, இதற்காகவா நல்ல சம்பந்தத்தை விடுவது என்று கேட்டாராம். பெண் வீட்டுச் சீரில் ஒரு 4090, மாப்பிள்ளை வீட்டு நிச்சயத் தட்டில் ஒரு 5090 என்று முடிவாகியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வெற்றிவேல் வாயெடுத்தான். வாக்குக் கொடுத்தாயிற்று, பேசாதே என்று அவன் அப்பா அடக்கிவிட்டார்.

சரி, தரகரையாவது ஒரு வார்த்தை கேட்போம் என்று வெற்றிவேல் வாசலுக்குப் போனான். ராஜாக்கண்ணு, திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தன் மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“பிரகாசு, வாங்க ஆளே இல்லாம கெடந்துச்சே அந்த ரெண்டு கார்டு, தூசி தட்டி எடுத்து வைடா. ரெண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிச்சுட்டேன்.”