ஒரு நாள் தள்ளிப்போன அடக்கம்

"நாளைக்குச் சாயங்காலம்தான் அடக்கம்" என்று விஜிலா சொன்னதும், பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தருவைகுளத்தில் ஒரு சாவு விழுந்தால், சவத்தைக் கல்லறைக்கு எடுக்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. யார் போட்ட கட்டுப்பாடோ, யாரும் மீறியதில்லை.

செத்தது விஜிலாவின் மாமனார் கஸ்பார். எண்பத்தொன்பது வயது, மூன்று மாதமாகப் படுக்கை. திங்கட்கிழமை காலையில் மூச்சு நின்றது. அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டால், செவ்வாய் விடியுமுன் நாற்பது படகும் கிளம்பிவிடும். அதுவும் சீலா மீன் கூட்டங்கூட்டமாக வருகிற வாரம்.

ஊர்த் தலைவர் விக்டர் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"ஏளா விஜிலா, வயசாளி சாவு. இதுக்கு எதுக்கு ரெண்டு நாளு?"

"என் மவன் வரணும்ணே. ஜெரால்டு கப்பல்ல இருந்து எறங்கிட்டான். நாளைக்கு மத்தியானம் பிளேன்ல வாரான். தாத்தா மொகத்த அவன் பாக்காண்டாமா?"

வளர்த்த பேரன். விக்டர் தலையை ஆட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவள் தம்பி நேசக்குமாருக்குத்தான் பொறுக்கவில்லை. அவனுக்கும் ஒரு படகு இருக்கிறது.

"ஒன் மவன் ஒருத்தன் மொகம் பாக்கதுக்கு ஊரே சும்மா கெடக்கணுமாக்கா?"

"கெடங்க" என்றாள். அவ்வளவுதான் பதில்.

ஏற்கெனவே அவள் மேல் ஊருக்கு ஒரு சலிப்பு உண்டு. கோயில் மைக்கில் வானிலை அறிவிப்பு வாசிப்பவள் அவள்தான். 'மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.' இந்த மழைக்காலத்தில் மட்டும் ஏழு தடவை வாசித்தாள். ஏழு தடவையும் புயல் வேறு பக்கம் போனது, இங்கே வெயில் கொளுத்தியது. "விஜிலா மைக்கத் தொட்டா துணி காயப்போடலாம்" என்று பெண்கள்கூடக் கேலி பேசினார்கள்.

கடல் சூடாகிக் கிடக்கிறது, முன்னைப்போல இல்லை, ஒரே நாளில் காற்று புயலாகிவிடுகிறது என்று போனில் வானிலைப் படம் காட்டிச் சொல்லிப் பார்த்தாள். கொட்டாவி விட்டார்கள். ஒருமுறை மைக்கிலேயே அழுதுவிட்டாள். அதையும் பதிவு செய்து, சிரிக்கிற பொம்மையோடு வாட்ஸப்பில் சுற்றவிட்டார்கள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் இப்படி ஓர் அறிவிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போன அவள் புருஷன், உடலாகக்கூடத் திரும்பவில்லை. பாவம், அதிலிருந்தே அவளுக்கு எதைக் கண்டாலும் பயம் என்று ஊர் அவளை மன்னித்து வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் எட்டாவது தடவை வாசித்தபோதும் கரையில் வலை ஏற்றுகிற வேலை நிற்கவில்லை.

இப்போது சாவு விழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் படகுகள் நின்றன.

செவ்வாய்க்கிழமை காலையிலும் வெயில்தான். வீட்டுக்கு வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் விஜிலா வாசலுக்கு ஓடிவந்தாள். வானத்தையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"பிள்ளையத் தேடுதா" என்றாள் பக்கத்து வீட்டு எமில்டா.

பதினோரு மணிக்கு வானம் கறுத்தது. அரைமணி நேரத்தில் பந்தல் பறந்தது. மின்சாரம் போனது. ஆண்கள் சவப்பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடல், முதல் வரிசை வீடுகளுக்குள் வந்தது. கரையில் ஏற்றிக் கட்டியிருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்தன. இப்படி ஒரு சத்தத்தை அந்த ஊர் கேட்டதில்லை. குழந்தைகள் அலறின. பெரியவர்கள் செபமாலையை உருட்டினார்கள்.

நேசக்குமார் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"இந்நேரம் நடுக்கடல்ல வலய இழுத்துக்கிட்டு இருந்திருப்போம்" என்றான். "நாப்பது படகும்."

எல்லோருக்கும் அதை யோசிக்கவே பயமாக இருந்தது.

காற்று அடங்க மாலை ஆனது. நனைந்த தலையோடு விக்டர் பெட்டியின் முன் முழங்காலிட்டார்.

"கஸ்பார் தாத்தா நம்மளக் காப்பாத்திட்டாவ" என்றார்.

ஊரே சிலுவை போட்டுக்கொண்டது. அடுத்த அறிவிப்பைக் காதுகொடுத்துக் கேட்போம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. தாத்தாவுக்கு ஒரு பூசை வைப்பது பற்றித்தான் பேசினார்கள்.

விஜிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இருட்டுமுன்ன எடுத்துருவோம்ணே. பிளேன் ஓடாது. இனி அவனுக்காக நிக்காண்டாம்."

"ஒம் மவனுக்குக் குடுத்து வைக்கலயே" என்று எமில்டா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை, கல்லறையில் மெழுகுதிரி ஏற்றப் போனபோது, விஜிலா தன் போனை விக்டர் வீட்டு ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. திரையில் ஜெரால்டு.

எங்கே மாட்டிக்கொண்டானோ, எந்த ஏர்போர்ட்டில் அழுதுகொண்டு நிற்கிறானோ. ஆறுதல் சொல்வோம் என்று விக்டர் எடுத்தார்.

"யாரு, விக்டர் மாமாவா? அம்மா இல்லியா? பதினெட்டு நாளாச்சு மாமா, நடுக்கடல்ல டவரே இல்ல. கப்பல் இப்பத்தான் சிங்கப்பூர் கரைக்கு வந்துச்சு." காற்று இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் உற்சாகமாக இருந்தது. "தாத்தாகிட்ட போனக் குடுங்க மாமா. கஞ்சி குடிக்காவளா?"