அலுமாரிப் பூட்டு

"ஞாயிறு ஓப்பன் ஹவுஸ் அக்கா, ஆரெண்டாலும் வந்து வீட்டைச் சுத்திப் பார்க்கலாம். நகைநட்டு இருந்தால் கையோடை கொண்டு போங்கோ" என்றான் வீடு விற்கும் ஏஜெண்ட் ஜெயசீலன். "வாங்க வாறவையை விட சும்மா விடுப்புப் புதினம் பார்க்க வாறவைதான் கூட. உங்கடை சேர்ச் ஆக்கள் முழுக்க வருவினம்."

"அதுதான் தம்பி எனக்கும் பயம்" என்றாள் வேரோனிக்கா.

ஞாயிறு காலை அறை அலுமாரிக்குப் பெரிய பூட்டொன்றைப் போட்டாள். வந்தவர்கள் வீட்டைப் பார்த்து முடியும்வரை கணவன் கஸ்பருடன் மில்லிக்கன் பிளாசாக் கடையொன்றில் தேநீர் குடித்தபோதும் சாவி இருந்த கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை.

பின்னேரம் ஜெயசீலன் வாசலிலேயே சொன்னான்.

"ஒரு அன்ரி அலுமாரியை இழுத்துப் பார்த்தவ. நான் மறிச்சுப்போட்டன். உதுக்குள்ளை எவ்வளவு பவுன் கிடக்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போறா."

வேரோனிக்காவின் முகம் மலர்ந்தது.

அவன் போனபின் அலுமாரியைத் திறந்தாள். நகைப்பெட்டிகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பவுன் முழுவதும் போன வருடம் தன் தம்பியைக் கனடாவுக்கு எடுப்பித்த செலவோடு போய்விட்டது.

"வெறும் பெட்டிக்கு ஏனப்பா இந்தப் பூட்டு?" என்றார் கஸ்பர்.

"பவுன் களவு போனால் பொலிசுக்குச் சொல்லலாம். பவுன் இல்லையெண்டது வெளியிலை போனால் ஆருக்குச் சொல்லுறது?"