அதே பக்கம்

டிசம்பர் 14. நேற்று ‘வலது’ என்று எழுதியது தவறு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்ததை மறந்துவிட்டேன். பின் சக்கரம் ஒதுங்கியிருப்பது இடது பக்கம், எட்டு மில்லிமீட்டர்.

தமிழ்மாறன் நோட்டை விரித்தபடியே கீழே வைத்தான். மாலை வகுப்பில் மெக்கானிக் வேலை படிக்கிறவன். அளந்ததை எழுதாமல் அவனுக்குத் தூக்கம் வராது. எழுதினாலோ, சரியாக அளந்தோமா என்ற சந்தேகத்தில் வராது.

“எந்தப் பக்கமா இருந்தா என்னடா? இடிச்சாங்களா இல்லையா, அத மட்டும் சொல்லு” என்றாள் அம்மா மலர்க்கொடி.

அவள் சைக்கிளுக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா நடராசனின் உடலையும் சைக்கிளையும் வடிகாலிலிருந்து ஒன்றாகத் தூக்கிப் பதினோரு நாள் ஆகிறது. அன்றிலிருந்து அவள் அந்த சைக்கிளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோற்றையும்தான்.

ஊரில் இரண்டு பேச்சு இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத பாலத்தில் ஏதோ வண்டி பின்னால் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது என்றார்கள் சிலர். பயிர் இரண்டாவது தடவையும் மூழ்கிப்போனதில் அவரே சைக்கிளோடு இறங்கிவிட்டார் என்றார்கள் மற்றவர்கள். சைக்கிளில் அடிபட்ட தடம் எதுவும் இல்லை. கோணல் தெரிந்தது பின் சக்கரத்தில் மட்டும்தான்.

“சக்கரம் ஒதுங்கியிருக்குன்னா இடிச்சதாத்தானே அர்த்தம்?”

“அப்படிச் சொல்லிட முடியாதும்மா. சக்கரமே கோணலா இருக்கலாம். இல்ல, அதப் புடிச்சிருக்கிற ஃபிரேம் வளைஞ்சிருக்கலாம். ஃபிரேம் இரும்பு. பின்னாடி பலமா அடி வாங்குனாத்தான் வளையும்.”

“ரெண்டுல எதுன்னு எப்படித் தெரியும்?”

“சக்கரத்தக் கழட்டி, இடம் வலமாத் திருப்பி மாட்டணும். மறுபக்கம் ஒதுங்குனா சக்கரம் கோணல். திருப்பி மாட்டியும் அதே பக்கம் ஒதுங்குனா ஃபிரேம் கோணல்.”

“அதே பக்கம்னா இடிச்சிருக்காங்க.”

“ஆமா.”

“மாட்டு.”

செயினைத் தள்ளிவிட்டு நட்டுகளைத் தளர்த்தினான். ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கியது.

“அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு ஒனக்குத் தெரியாது” என்றாள், தெருவைப் பார்த்தபடியே. “நீ கிளாசுக்குப் போயிருந்த. வயலப் பாத்துட்டு வர்றேன்னு அது சைக்கிள எடுத்துச்சு. மூணு நாளா அதே பொலம்பல். எனக்கு ஆத்திரம். போயி அந்தத் தண்ணியிலேயே கெடங்கன்னேன்.”

அவன் கை நின்றது.

“போயிக் கெடந்துருச்சு.”

“அம்மா, விடு.”

“கேஸு வேணாம். இடிச்சவன் எவன்னுகூடத் தெரிய வேணாம். இடிச்சான்னு தெரிஞ்சாப் போதும், என் வாயால போகலன்னு நெனச்சுக்குவேன். இல்லன்னா...” முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தூறல் போட்டது. அவன் சைக்கிளைக் கூரைக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

“இந்தச் சக்கரத்த வச்சுக்கிட்டு என்னா பெருமை அதுக்கு. எம் மவன் கிளாசுல கம்பி கோத்த சக்கரம்னு டீக்கடையில நாலு பேருகிட்ட சொல்லலன்னா டீ உள்ள எறங்காது.”

“இரும்மா. மாட்டிட்டேன்.”

அளவுகோலை எடுத்தான். சக்கரத்தின் ரிம்முக்கும் ஃபிரேம் குழாய்க்கும் நடுவே இந்தப் பக்கம் அளந்தான். அந்தப் பக்கம் அளந்தான். நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைச் சரியாக அழுத்தி உட்கார வைத்து, முறுக்கி, மறுபடியும் அளந்தான்.

“எவ்வளவு நேரம்டா?”

“சரியாப் பாக்கணும்ல.”

“எந்தப் பக்கம்?”

நிமிர்ந்து அவள் முதுகைப் பார்த்தான். பதினோரு நாளில் தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

“அதே பக்கம்தாம்மா.”

அவள் அசையவில்லை. “இன்னொரு தடவ சொல்லு.”

“அதே பக்கம். எட்டு மில்லிமீட்டர். ஃபிரேம்தான் வளைஞ்சிருக்கு. பின்னாடியிருந்து இடிச்சிருக்காங்க.”

அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, அவன் பிசைந்து கொடுத்த ரசம் சோற்றில் நாலு வாய் வாங்கிக்கொண்டாள். பிறகு குடவாசலில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் செல்லதுரைக்குப் போன் போட்டாள்.

“வண்டிதாண்ணே இடிச்சிருக்கு. மாறன் அளந்து பாத்துட்டான்.” போனை மகனிடம் நீட்டினாள்.

“என்ன மாப்ள, நீ ஆறு மாசம் படிச்ச மெக்கானிக்கு” என்றார் மாமா. “நான் இருபது வருசமா சக்கரத்தோட மல்லுக்கட்டுறவன். நாளைக்குப் பத்து மணிக்கு வந்து நானும் ஒரு தடவ திருப்பி மாட்டிப் பாத்துடுறேன். என் வாயாலயும் சொல்லிட்டா தங்கச்சிக்கு மனசு ஆறிடும்.”

“வாங்க மாமா.”

அம்மா குளிக்கப் போனதும் தமிழ்மாறன் நோட்டை எடுத்தான். அதே தேதிக்குக் கீழே எழுதினான்.

திருப்பி மாட்டியதும் மறுபக்கம் ஒதுங்கியது. இரண்டு முறையும். ஃபிரேம் நேராக இருக்கிறது. கோணல், ஆகஸ்டில் நான் கோத்த சக்கரத்தில்.

நாளை, மாமா வருமுன்: கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கடப்பாரை கொடுத்து ஃபிரேமை இடது பக்கம் எட்டு மில்லிமீட்டர் வளைக்க வேண்டும்.