இப்போதா, பிறகா?

'புதிய இயங்குதளத்துக்கு மாறுங்கள். அடுத்த மாதத்தோடு பழையதற்குப் பாதுகாப்பு இல்லை' என்கிறது திரை. கீழே இரண்டு பொத்தான்கள்: இப்போது, பிறகு. ஜன்னல் வெயில் இரண்டின் மேலும் சரிசமமாக விழுகிறது. காதுக்கருவி பொருத்துகிறவள் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவருடைய கருவி கணினியோடு ஒயரில் இணைந்து கிடக்கிறது. அதற்கு ஒலி அளவு வைக்கும் மென்பொருள் பதினோரு வருடப் பழசு. புதியதில் ஓடுமா என்பது யாருக்கும் தெரியவில்லை. "மாத்திடுக்கா, வைரஸ் வந்தா அத்தனை பேர் ரிப்போர்ட்டும் போயிடும்" என்கிறான் போனில் தம்பி. "தொட்டுடாதீங்க மேடம்" என்று நேற்றுத்தான் சொன்னார் கருவி விற்றவர். இரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள், அதுதான் வம்பே. ஓட்டுநருக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்க்கிறார். "என்னம்மா, சரியாகாதா? நாளைக்குப் பேத்தி முதல்தடவையா மேடையில பாடுறா" என்று அறை அதிரக் கேட்கிறார். அம்புக்குறி 'இப்போது'க்குப் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு 'பிறகு' மேல் அழுத்துகிறாள். ஒலி அளவைச் சரிசெய்து, கருவியை அவர் காதில் பொருத்துகிறாள். அவர் முகம் மலர்கிறது. உடனே புருவம் சுருங்க, மேசைக்கடியில் இருக்கும் கணினிப் பெட்டியை எட்டிப் பார்க்கிறார்.

"இது எப்பவும் இப்படித்தான் இரையுமாம்மா? என் பஸ் ஒருதடவை நடுரோட்டுல நின்னுபோச்சு, அதுக்கு முன்னாடி இதே மாதிரிதான் இரைஞ்சுது."

அவள் குனிந்து பெட்டியில் காதை வைக்கிறாள். எப்போதும் இப்படித்தானா, இன்றைக்குத்தானா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.